மழைக்கப்புறம் கைகர் கவுண்டர் எகிறுது, எங்கயாவது அணுகுண்டு வெடிச்சிருக்கா?

ஜூன் 8, இரவு 9.20 – கேள்வி

எனக்கு கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (மலை கிராமம்), பிஎஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம். போன மாசம் ஆன்லைன்ல, கதிர்வீச்ச எண்ணற சின்ன கைகர் கவுண்டர் ஒண்ணு வாங்குனேன், வீட்ல எங்க வெச்சாலும் நிமிஷத்துக்கு 30 வாக்குலதான் காட்டும். இன்னைக்கு சாயங்காலம், பத்து பன்னெண்டு நாள் காய்ஞ்சு கெடந்ததுக்கப்புறம் நல்ல மழை. விட்டதும் மாமா ஜீப்போட பானட்ட டிஷ்யூ பேப்பரால தொடச்சு, அத மடிச்சு கவுண்டர் மேல வெச்சேன். 75 காட்டுது! மூணு தடவ எண்ணிட்டேன். வாட்ஸ்அப் குரூப்ல போட்டா ஒருத்தர் கூடங்குளம் லீக்குங்கறார், இன்னொருத்தர் எங்கயோ ரகசியமா குண்டு வெடிச்சு காத்துல வந்திருக்குங்கறார். அம்மா நாளைக்கு இலை எடுக்க போக வேணாம்னுட்டாங்க, கேரட் வேற புடுங்குற நேரம். நெஜமாவே குண்டா இருந்தா இந்த கவுண்டர வெச்சு கண்டுபுடிக்க முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூன் 8, இரவு 9.50 – பதில்

பயப்படாத தம்பி. டிஷ்யூவ தூக்கி எறிஞ்சிடாத, கவுண்டர் மேல அப்படியே அசையாம வெச்சிரு. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எண்ணி, மணியோட ஒரு நோட்ல எழுது. மூணு மணி நேரம் தூங்காத. நம்பர இங்க போடு, அப்புறம் பேசலாம்.

ஜூன் 9, காலை 6.30

தம்பி ராத்திரி ஒன்றரை வரைக்கும் முழிச்சு எழுதியிருக்கு, சந்தோஷமா இருக்கு. ஆரம்பத்துல 75. அரை மணி கழிச்சு 52. ஒரு மணி நேரத்துல 41. ரெண்டு மணி நேரத்துல 33. மூணாவது மணி முடியறப்ப 30, அதாவது வீட்ல எப்பவும் காட்டுற அளவு.

எப்பவும் இருக்கற 30ஐ கழிச்சிட்டு பாருங்க. 45, 22, 11, 3, ஒண்ணுமில்ல. அரை மணிக்கு ஒரு தடவ பாதியாகுது. இது ரேடான். பாறையிலயும் மண்ணுலயும் இருக்கற யுரேனியம் சிதைஞ்சு வர்ற வாயு, உலகத்துல எல்லா ஊர்லயும் தரையிலேர்ந்து கசிஞ்சுட்டே இருக்கு, மழை அத காத்துலேர்ந்து கழுவி கீழ கொண்டாந்துடுது.

குண்டு தூசியா இருந்தா இப்படி குறையவே குறையாது. அதுக்கு பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, வெடிச்சதுலேர்ந்து ஆன நேரம் 7 மடங்கானா கதிர்வீச்சு பத்துல ஒண்ணாகும். எங்கயோ வெடிச்சு காத்துல நம்ம மலைக்கு வர 4 நாள் ஆச்சுன்னு வெச்சுக்கோங்க, பத்துல ஒண்ணாக 28வது நாள் வரைக்கும் காத்திருக்கணும். ராத்திரி பத்து மணிக்கு இருந்தது ஒரு மணிக்கும் கிட்டத்தட்ட அப்படியேதான் இருந்திருக்கும். உன் டிஷ்யூ மூணு மணி நேரத்துல காலியாயிடுச்சு. அம்மாவ இலை எடுக்கப் போகச் சொல்லு, கேரட்டையும் புடுங்கு.

ஜூன் 9, மதியம் 1.15

காலைல அவசரத்துல தப்பா எழுதிட்டேன். மழை ரேடான கழுவிக் கொண்டாரதுன்னு சொன்னது சரியில்ல. ரேடான் வாயு, தண்ணியில பெருசா ஒட்டாது, அதோட ஆயுசும் பாதியாக 3.8 நாள். மழையில வர்றது ரேடானோட பிள்ளைங்க. ரேடான் சிதைஞ்சா பொலோனியம், அப்புறம் ஈயம்-214, பிஸ்மத்-214ன்னு வரிசையா வரும், அதெல்லாம் திடப்பொருள், பொறந்த உடனே காத்துல இருக்கற தூசியில ஒட்டிக்கும், மழைத்துளி அந்தத் தூசிய அள்ளிட்டு வரும். ஈயம்-214 பாதியாக 27 நிமிஷம், பிஸ்மத்துக்கு 20 நிமிஷம், ஒண்ணு இன்னொண்ணுக்கு ஊட்டிட்டே இருக்கறதால சேந்து பாக்கறப்ப அரை மணி வாக்குல தெரியும். தம்பியோட நோட்டுல இருக்கறது அதான். அம்மாவுக்கு சொன்னதுல மாத்தம் இல்ல.

ஜூன் 11, இரவு 10.05

“அப்ப நெஜ குண்ட எப்படித்தான் கண்டுபுடிக்கறாங்க”ன்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. இதுல நான் பதினோரு வருஷம் சோறு தின்னவன், அதனால கொஞ்சம் நீட்டுவேன்.

மலை மேல ஒரு ஷெட், உள்ள ஒரு பெரிய ப்ளோயர், அதுக்கு முன்னாடி மேசை விரிப்பு அளவுல ஒரு வடிகட்டி பேப்பர். நாள் பூரா காத்த இழுக்கும், தூசி பேப்பர்ல நிக்கும். தினமும் காலைல போய் பேப்பர மாத்துறது என் வேலை. டிசம்பர் ஜனவரியில விடியக்காலம் புல்லு மேல உறைபனி வெள்ளையா விரிச்சிருக்கும், தாழ்ப்பாள தொட்டா வெரல் ஒட்டிக்கும். பேப்பரோட நெறத்த பாத்தே என்ன மாசம்னு சொல்லிடலாம். பனிக்காலத்துல வெறகுப் புகையில கருப்பா வரும், ஜூலையில ஈரத்துல ஊறி ஓரம் கிழிஞ்சு வரும், பக்கத்துல தைலம் காச்சுனாங்கன்னா பேப்பர் மடிக்கறப்பவே யூகலிப்டஸ் வாசம் அடிக்கும்.

எடுத்த உடனே எண்ணக் கூடாது. இதுதான் எனக்கு முதல்ல கத்துக் குடுத்தது. எடுத்த உடனே எண்ணுனா ரேடான் பிள்ளைங்க கூச்சல்ல வேற எதுவும் காதுல விழாது. உலக அணுசோதனை தடை ஒப்பந்த அமைப்போட ஸ்டேஷன்கள்ல 24 மணி நேரம் காத்து இழுக்கறாங்க, 24 மணி நேரம் சும்மா வெக்கறாங்க, அப்புறம் 24 மணி நேரம் எண்ணறாங்க. ஒரு நாள் வெச்சா ரேடான் பிள்ளைங்க சுத்தமா போயிடும். தோரியம் வழியில வர்ற ஈயம்-212 மட்டும் அடம் புடிக்கும், அதுக்கு 10.6 மணி நேரம், ஒரு நாள் கழிச்சும் அஞ்சுல ஒரு பங்கு உக்காந்திருக்கும்.

எண்ணுறது கைகர்ல இல்ல, ஜெர்மானியம் டிடெக்டர்ல. கைகர் ‘யாரோ கதவ தட்டுறாங்க’ன்னு மட்டும் சொல்லும். ஜெர்மானியம் தட்டுறது யாருன்னு கொரல வெச்சே சொல்லிடும், ஏன்னா ஒவ்வொரு ஐசோடோப்பும், அதாவது பேருக்குப் பின்னாடி நம்பர் போட்ட ஒவ்வொரு அணு வகையும், தனக்குன்னு உள்ள காமா ஆற்றல்லதான் பேசும். சீசியம்-137 எப்பவும் 662 கேஇவி (ஆற்றல அளக்கற அலகு), அயோடின்-131 எப்பவும் 364. திரவ நைட்ரஜன் ஊத்தி குளுர வெக்கணும், இப்ப கரண்ட்லயே குளுர வெக்கற மாடலும் இருக்கு. எங்களுக்கு நைட்ரஜன் கீழ சமவெளியிலேர்ந்து கேன்ல வரணும், மழையில காட் ரோடு அடைச்சா டிடெக்டர் சூடாயிடுமேன்னு வயித்துல நெருப்பு.

எவ்வளவு சின்ன அளவுன்னு சொல்றேன், எனக்கு இப்பவும் ஆச்சரியம் தீரல. அந்த ஸ்டேஷன்கள் பேரியம்-140ஐ ஒரு கன மீட்டர் காத்துல 10லேர்ந்து 30 மைக்ரோ பெக்கரல் இருந்தாலே புடிக்கணும்னு விதி. பெக்கரல்னா வினாடிக்கு ஒரு அணு சிதையறது, மைக்ரோன்னா அதுல பத்து லட்சத்துல ஒரு பங்கு. 10 மைக்ரோ பெக்கரல்னா, ஒரு கன மீட்டர் காத்த அடைச்சு வெச்சுட்டு காத்திருந்தா ஒரே ஒரு அணு சிதையறதுக்கு 28 மணி நேரம் ஆகும். ஆனா மணிக்கு 500 கன மீட்டர் இழுத்தா ஒரு நாளைக்கு 12,000 கன மீட்டர், அத்தனையும் ஒரே பேப்பர்ல. இப்ப 8 வினாடிக்கு ஒண்ணு சிதையுது. ஒரு நாள் எண்ணுனா பத்தாயிரத்துக்கு மேல, அதுல டிடெக்டர் புடிக்கறது நூத்துக்கணக்குலதான் இருக்கும், ஆனா அது போதும். எங்க ஷெட்டுல இந்த அளவு கிடையாது, ப்ளோயர் சின்னது.

ஜூன் 12, காலை 7.00

நேத்து எழுதுனதுல முக்கியமான விஷயத்த விட்டுட்டேன். யாருன்னு தெரிஞ்சா மட்டும் போதாது, கூட யார் யார் வந்திருக்காங்கன்னு பாக்கணும்.

தேயிலை ஃபேக்டரியில இலை வாங்கறவர பாத்திருப்பீங்க. மூட்டைய அவுத்து கைய விட்டு ஒரு கைப்பிடி அள்ளி பாத்தாலே இது காலைல எடுத்ததா நேத்து எடுத்ததான்னு சொல்லிடுவார். கொழுந்து சீக்கிரம் வாடும், கரட்டு இலை மெதுவா வாடும், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா நேரம் தெரிஞ்சுடும். மூட்டை பெருசா சின்னதான்னு தெரிய வேண்டியதே இல்ல. நாங்க செஞ்சதும் அதேதான்.

சிர்கோனியம்-95 சிதைஞ்சா நியோபியம்-95 வரும். வெடிச்ச அன்னைக்கு நியோபியம் கிட்டத்தட்ட இல்ல. பத்தாவது நாள்ல, சிதையற எண்ணிக்கைய வெச்சுப் பாத்தா, சிர்கோனியத்துல 0.19 பங்கு. ஒரு மாசத்துல பாதி. ரெண்டு மாசத்துக்கு கொஞ்சம் மேல போனா ரெண்டும் சமம். ரொம்ப நாளானா 2.2க்கு வந்து நின்னுடும். பேப்பர்ல விழுந்தது ஒரு துளியோ ஒரு கைப்பிடியோ, இந்த விகிதம் மாறாது, அதனால வெடிச்ச தேதிய பின்னாடி எண்ணிப் போய் சொல்லிடலாம். பேரியம்-140, லாந்தனம்-140 ஜோடி இன்னும் கூர்மையான கடிகாரம். மூணாவது நாள்ல லாந்தனம் பேரியத்துல முக்கால் பங்கு இருக்கும், கடைசியில 1.15ல வந்து நின்னுடும். ரெண்டு வாரம் தாண்டிட்டா அது ஓடாத கடிகாரம், சிர்கோனியத்துக்குதான் போகணும்.

குண்டா அணு உலையான்னு சொல்ல சீசியம் ரெண்டும் வேணும். சீசியம்-137 ரெண்டுலயும் வரும். சீசியம்-134 உலையில மாசக்கணக்குல நியூட்ரான் அடி வாங்குன எரிபொருள்லதான் வரும், குண்டுல வராது. செர்னோபில்ல 137க்கு பாதி அளவு 134 இருந்துச்சு, ஃபுகுஷிமாவுல ஏறக்குறைய சமம். கூடங்குளம்னு சொன்னவருக்கு இதான் பதில். அங்கேர்ந்து கோத்தகிரிக்கு நேர் கோட்டுல 370 கிலோமீட்டர் வாக்குல, நெஜமா அங்கேர்ந்து வந்திருந்தா அயோடினும் ரெண்டு சீசியமும் டிஷ்யூல இருந்திருக்கும், மூணு மணி நேரத்துல காணாமப் போயிருக்காது.

2017 இலையுதிர் காலத்துல ஐரோப்பா பூராவும் ருத்தீனியம்-106 தெரிஞ்சுது. கூட வேற குடும்பம் பெருசா ஒண்ணும் வரல. அத வெச்சே குண்டும் இல்ல, ஓடிட்டு இருந்த உலை வெடிச்சதும் இல்லன்னு ஒதுக்க முடிஞ்சுது.

ஜூன் 12, இரவு 11.30

திருத்தம். “சீசியம்-134 குண்டுல வராது”ன்னு ஒரேயடியா எழுதிட்டேன். வரும், ரொம்ப ரொம்பக் கொஞ்சம். குண்டுல அணு பிளந்து வர்ற துண்டுங்க ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா சிதையற வரிசையில செனான்-134 நிலையா நின்னுடுது, அது வழிய மறிச்சிடறதால சீசியம்-134 அந்த வரிசை வழியா வர முடியாது, குண்டுல நியூட்ரான் அடி ஒரு கண நேரந்தான். அதனால நடைமுறையில இல்லன்னே வெச்சுக்கலாம், ஆனா ‘வராது’ன்னு எழுதுனது தப்பு.

தூக்கம் வரல, இன்னொண்ணும் எழுதிடறேன். தொண்ணூறுகள்ல ஒரு நாள் காலைல ஸ்பெக்ட்ரம் (எந்த ஆற்றல்ல எத்தனை எண்ணிக்கைன்னு காட்டுற படம்) பாத்தேன், 364ல கம்பி மாதிரி ஒரு பீக். அயோடின்-131. ஒடம்பெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. ஒண்ணும் யோசிக்காம கீழ மேலதிகாரிக்கு ட்ரங்க் கால் போட்டேன், அவர் அவருக்கு மேல இருந்தவருக்கு சொல்லிட்டார். அரை மணி கழிச்சுதான் கை நடுக்கம் நின்னு மூளை வேலை செஞ்சுது. அயோடின் மட்டும் தனியா வந்திருக்கு. பேரியம் எங்க, சீசியம் எங்க, டெல்லூரியம் எங்க?

பேப்பர நாலா வெட்டி நாலையும் தனித்தனியா எண்ணுனேன். மூணு துண்டுல ஒண்ணுமே இல்ல. நாலாவது துண்டுல, அதுவும் மடிக்கறப்ப கட்டைவெரல் படற மூலையில, மொத்த அயோடினும். காத்துல வந்ததுன்னா பேப்பர் பூரா சமமா படிஞ்சிருக்கணும். முந்தின நாள் எனக்குப் பதிலா பேப்பர் மாத்துனவர் ஒரு வாரம் முன்னாடிதான் தைராய்டுக்கு அயோடின் வைத்தியம் பண்ணிட்டு வந்திருக்கார், கை வேர்வையில ஒட்டியிருக்கு. பாவம் மனுசன், நோய யார்கிட்டயும் சொல்லிக்கல, என் போன் காலால ஆபீஸ் பூரா தெரிஞ்சு போச்சு. எனக்கு அது இன்னைக்கு வரைக்கும் உறுத்தல். அன்னைலேர்ந்து கையுறை போடாம யாரும் பேப்பர தொடக் கூடாதுன்னு ஆச்சு, நானும் எதையும் வெட்டிப் பாக்காம போன எடுக்கறதில்ல.

ஜூன் 14, மாலை 4.40

மழைத்தண்ணிய வெச்சு குண்ட கண்டுபுடிச்சதே இல்லையான்னு தம்பி கேக்குது. இருக்கு! சோவியத் யூனியன் முதல் குண்ட 1949 ஆகஸ்ட் 29ல இப்பத்த கஜகஸ்தான்ல வெடிச்சாங்க, யாருக்கும் சொல்லல. செப்டம்பர் 3ல ஜப்பான்லேர்ந்து அலாஸ்காவுக்கு பறந்த ஒரு அமெரிக்க விமானத்துல மாட்டியிருந்த வடிகட்டி பேப்பர் எண்ணிக்கை தூக்கிக் காட்டுச்சு. அலாஸ்காவுல கோடியாக்ல புடிச்ச மழைத்தண்ணியிலயும் தெரிஞ்சுது. மூணு வாரம் எண்ணி, பிரிச்சு, வயச கணக்குப் போட்டு உறுதி பண்ணிட்டுதான் செப்டம்பர் 23ல ட்ரூமன் வெளிய சொன்னார்.

அதுக்கும் முன்னாடி, 1945 ஜூலையில நியூ மெக்சிகோவுல முதல் சோதனை நடந்தப்ப யாருக்கும் எதுவும் தெரியாது. கோடாக் கம்பெனி எக்ஸ்ரே ஃபிலிம்ல புள்ளி புள்ளியா வந்துச்சு. ஜூலியன் வெப்னு அங்க ஒரு விஞ்ஞானி தோண்டிப் பாத்தா, ஃபிலிம் வெச்சுக் குடுக்கற அட்டை இண்டியானாவுல செஞ்சது, வைக்கோல் அட்டை, அத செய்ய எடுத்த ஆத்துத் தண்ணியில குண்டு தூசி, சீரியம்-141. ஆயிரத்து சொச்சம் மைல் தள்ளி! ஃபேக்டரித் தண்ணி சொல்லிடுச்சு.

ஜூன் 15, இரவு 9.00

பொக்ரான் பத்தி கேட்டவருக்கு. 1998 மே 11 சாயங்காலம் மஞ்சூர் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில ரேடியோவுல கேட்டேன். மறுநாள்லேர்ந்து பத்து நாள் பேப்பர ரெண்டு தடவ எண்ணுனேன். எங்க பேப்பர்ல எப்பவும் வர்ற பெரிலியம்-7, ஈயம்-212 தவிர புதுசா ஒண்ணும் இல்ல. எதிர்பாத்ததுதான். பூமிக்கடியில பண்ணது, இங்கேர்ந்து 1,800 கிலோமீட்டர், மே மாசம் அங்க காத்து தென்மேக்குலேர்ந்து வடகிழக்கா அடிக்கும், நம்ம பக்கம் வராது.

பூமிக்கடியில வெடிச்சா தூசி வெளிய வராது. பாறை உருகி கண்ணாடியா இறுகி எல்லாத்தையும் உள்ளயே புடிச்சுக்கும். ஆனா செனான் எதோடயும் ஒட்டாத வாயு, வெடிப்பு வழியா மெல்ல மேல வந்துடும். அதனால அந்த தடை ஒப்பந்த அமைப்போட 80 ஸ்டேஷன்ல 40ல செனான் பிரிக்கற மிஷினும் வெக்கறதுன்னு திட்டம் போட்டாங்க. செனான்-133 பாதியாக 5 நாளுக்கு கொஞ்சம் மேல, செனான்-135க்கு 9 மணி நேரம், செனான்-131எம் 12 நாள். இதுலயும் அதே இலை மூட்டை கதைதான், விகிதம்.

வட கொரியா 2006 அக்டோபர் 9ல வெடிச்சாங்க, ரெண்டு வாரம் கழிச்சு கனடாவுல யெல்லோநைஃப் ஸ்டேஷன்ல செனான் வந்துச்சு. 2009ல வெடிச்சப்ப நிலநடுக்கக் கருவி எல்லாம் காட்டுச்சு, செனான் ஸ்டேஷன்கள்ல ஒண்ணுமே வரல. 2013 பிப்ரவரி 12ல வெடிச்சதுக்கு 55 நாள் கழிச்சு ஜப்பான்ல தகசாகியில வந்துச்சு, 131எம்மும் 133ம் இருந்த விகிதம் அந்த தேதியோட ஒத்துப் போச்சு. அதுக்குள்ள காத்து எங்கெங்க சுத்துச்சுன்னு கம்ப்யூட்டர்ல பின்னாடி ஓட்டிப் பாக்கணும், அதுவும் இந்த வேலையில பாதி.

தொல்லை என்னன்னா ஆஸ்பத்திரிக்கு வேணுங்கற மாலிப்டினம்-99 செய்யற இடங்களும் செனான்-133 விடுது, ஓடற உலைகளும் விடுது. செனான் வந்துடுச்சுன்னு கத்திட முடியாது.

இந்தியா அந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போடல, அந்த வலையில நம்ம நாட்டுல ஸ்டேஷன் கிடையாது. அரசியல் வேணாம். எனக்கு வருத்தம் என்னன்னா, ரெண்டாயிரம் மீட்டர் ஒசரம், ரெண்டு பருவக்காத்தும் தொடற மலை, இப்படி ஒரு எடத்துலேர்ந்து எடுக்கற நம்பர் நம்ம காலேஜ் பசங்க கண்ணுல படணும்.

ஜூன் 17, காலை 6.10

பெரிலியம்-7 என்னன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. விண்வெளியிலேர்ந்து வர்ற காஸ்மிக் கதிர் மேல் காத்துல நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் மோதி உடைக்கறப்ப பொறக்கும், பாதியாக 53 நாள், 478 கேஇவியில பேசும். 1956லயே பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துல தேவேந்திர லால் இருந்த குழு மழைத்தண்ணியில காஸ்மிக் கதிர் பெரிலியத்த அளந்து எழுதியிருக்காங்க. அதே நிலையத்தோட காஸ்மிக் கதிர் கூடம் நம்ம ஊட்டியிலயே இருக்கு, கிரேப்ஸ்-3ங்கற காஸ்மிக் கதிர் சோதனை ஓடுற எடம். தம்பி, காலேஜ்ல சொல்லி ஒரு தடவ போய் பாத்துட்டு வா.

எங்களுக்கு பெரிலியம்தான் நாடி. அது பேப்பர்ல எப்பவும் இருக்கணும். ஒரு வருஷம் செப்டம்பர்ல மூணு நாள் தொடர்ந்து பெரிலியமே வரல. ஸ்பெக்ட்ரம் அவ்வளவு சுத்தமா இருக்குன்னு நான் மொத நாள் நிம்மதியா பைல்ல வெச்சுட்டேன். மூணாவது நாள்தான் பொறி தட்டுச்சு. சட்டத்துல ரப்பர் வாஷர் பிதுங்கி, காத்து பேப்பர் வழியா போகாம ஓரமா போயிட்டு இருந்துச்சு. அந்த மூணு நாள்ல எதாவது வந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. ஒண்ணும் இல்லன்னு எழுதறதுக்கு முன்னாடி, இருக்க வேண்டியது இருக்கான்னு பாக்கணும்னு அன்னைக்கு புரிஞ்சுது.

ஜூன் 18, இரவு 10.20

“எவ்வளவு வந்தா நெஜம்னு எடுத்துக்கறது?” நல்ல கேள்வி.

கவுண்டர் சராசரி 30 காட்டும்னா ஒவ்வொரு நிமிஷமும் 30 காட்டாது. 30க்கு வர்க்கமூலம் 5.5, அதனால 25லேர்ந்து 35 வரைக்கும் சும்மாவே ஆடும், அப்பப்ப 41ம் வரும், காரணமே இருக்காது. பீக் விஷயத்துல லாயிட் கரிங்கறவர் 1968ல போட்டுக் குடுத்த கணக்கதான் இன்னைக்கும் எல்லாரும் வெச்சுக்கறாங்க. பீக் இருக்கற எடத்துல பின்னணி, அதாவது சும்மாவே எப்பவும் இருக்கறது, 400 எண்ணிக்கைன்னா, அதோட வர்க்கமூலம் 20, அத 2.33ஆல பெருக்கு, 47. பின்னணிக்கு மேல 47 தாண்டலன்னா இருக்குன்னு சொல்லாத. ஒண்ணுமே இல்லாதப்பவும் நூத்துக்கு அஞ்சு தடவ சும்மாவே தாண்டிடும்.

நூத்துக்கு அஞ்சுன்னா கொஞ்சம்னு தோணும். 80 ஸ்டேஷன், தினமும் ஒரு பேப்பர். ஒரே ஒரு ஐசோடோப்ப மட்டும் பாத்தாலும் ஒரு நாளைக்கு நாலு பொய் அலாரம். நாம தேடறதோ பல டஜன் ஐசோடோப். அதனாலதான் ஒத்த பீக்க யாரும் நம்பறதில்ல, குடும்பம் வரணும், மறுநாள் பேப்பர்ல வரணும், காத்து வந்த தெசை ஒத்துப் போகணும். தம்பி, நீயும் நூறு தடவ எண்ணிட்டு அதுல பெருசா வந்த அஞ்சு நம்பர மட்டும் குரூப்ல போடாத.

ஜூன் 20, காலை 5.45

இந்த இழைய மொதல்லேர்ந்து படிச்சேன். மொத பதில்ல மொத வார்த்தையே “பயப்படாத”ன்னு போட்டிருக்கேன். அப்ப எனக்கு என்ன தெரியும்? 75ங்கற ஒரு நம்பர் மட்டும். ரேடானாதான் இருக்கும்னு அனுபவத்துல தோணுச்சு, ஆனா அது தெரிஞ்சது ஆகாது. அன்னைக்கு ட்ரங்க் கால் போட்டதும் இதுவும் ஒரே தப்போட ரெண்டு பக்கம், எண்ணறதுக்கு முன்னாடி பேசுனது. “எண்ணு, எழுது, காலைல சொல்றேன், அதுவரைக்கும் நனைஞ்ச கீரைய கழுவாம சாப்பிடாதீங்க”ன்னு சொல்லியிருக்கணும். அந்த அம்மா ஒரு ராத்திரி என் வார்த்தைய நம்பித் தூங்குனாங்களோ என்னவோ.

ஜூன் 21, மாலை 6.00

“நம்ம மண்ணுல பழைய குண்டோட மிச்சம் இருக்கா”ன்னு எமரால்ட் ஊர்ப் பக்கத்துலேர்ந்து ஒருத்தர் கேட்டிருக்கார். இருக்குங்க. காத்துல வெளிப்படையா 500க்கும் மேல வெடிச்சிருக்காங்க, கடைசியா 1980 அக்டோபர்ல சீனா. அதிகமா விழுந்தது 1963 வாக்குல, அந்த வருஷம் ஆகஸ்ட்லதான் காத்துல வெடிக்கக் கூடாதுன்னு மொத ஒப்பந்தம் போட்டாங்க. சீசியம்-137 பாதியாக 30 வருஷம், அதனால அப்ப விழுந்ததுல கால் பங்கு இன்னும் உலகத்துல உழாத மண்ணு எல்லாத்துலயும் மேல் அடுக்குல இருக்கு. ஒடம்புக்கு கெடுதல் பண்ற அளவு இல்ல, நீண்ட நேரம் எண்ணுனாதான் தெரியும்.

இதுல நமக்கு வேலைக்கு ஆகற விஷயம் ஒண்ணு இருக்கு. சீசியம் களிமண்ண கெட்டியா புடிச்சுக்கும், மண்ணு போனாதான் அதுவும் போகும். கைபடாத சோலையில எவ்வளவு இருக்கு, பக்கத்து உருளைக்கிழங்கு சரிவுல எவ்வளவு இருக்குன்னு அளந்தா, அறுபது வருஷத்துல அந்த சரிவு எவ்வளவு மண்ண ஆத்துக்கு விட்டிருக்குன்னு கணக்குப் போட்டுடலாம். உலகத்துல பல எடத்துல செய்யற முறைதான். மண்ணு சரிஞ்சு ரோடு அடைக்கறதே பொழப்பா இருக்கற நம்ம மலையில ஹட்டிக்கு ஹட்டி செய்யணும்.

ஜூன் 26, இரவு 8.30

தம்பி இன்னும் மூணு மழைக்கு எண்ணிப் போட்டிருக்கு. 58, 44, அப்புறம் ரெண்டு நாள் விடாம தூறுனதுக்கப்புறம் 36. “ஏன் சார் கொறைஞ்சுட்டே போகுது, கவுண்டர் கெட்டுப் போச்சா?”

கெடல. மழைன்னா இப்படித்தான் எகிறும்ங்கற மாதிரி நான்தான் எழுதிட்டேன், அதுதான் தப்பு. ரேடான் தரையிலேர்ந்து வருது, கடல்லேர்ந்து ஏறக்குறைய வராது. பன்னெண்டு நாள் காய்ஞ்சு நிலத்து மேலயே சுத்துன காத்துல பிள்ளைங்க நெறைய, மொத மழை அத்தனையும் கழுவிடுச்சு. இப்ப மேக்கேர்ந்து அரபிக்கடல் காத்து குந்தா மலைய தாண்டி வந்துட்டு இருக்கு, அதுல ரேடான் கம்மி, அதான் 36. 36ன்னா பின்னணிக்கு மேல 6, மூணு நாள் முன்னாடி எழுதுன வர்க்கமூலக் கணக்குப்படி அது இருக்குன்னே சொல்ல முடியாது. அத பத்து நிமிஷம் சேத்து எண்ணு, 300க்கு பதிலா 360 வந்தா அப்ப நம்பலாம்.

இதுல எனக்கு சந்தோஷம் என்னன்னா, அந்த சின்ன டப்பாவ வெச்சு தம்பி காத்து எங்கேர்ந்து வந்துச்சுன்னே அளந்திருக்கு. குண்டு தேடறவங்களும் கடைசியில கேக்கற கேள்வி அதுதான்.

ஜூன் 26, இரவு 8.50

“மூணு நாள் முன்னாடி” இல்ல, 18ந் தேதி எழுதுனது.

ஜூலை 2, காலை 7.15

கோத்தகிரிக்கு பெரிய மழை இனிமே அக்டோபர் நவம்பர்லதான், வடகிழக்குக் காத்துல. அது நிலத்து மேல வந்து ஏறுற காத்தா, வங்கக்கடல்லேர்ந்து நேரா வர்றதான்னு மழைக்கு மழை மாறும். தம்பி அதே ஜீப், அதே பானட், அதே அளவு டிஷ்யூ வெச்சுக்கோ, மழை விட்ட நேரமும் தொடச்ச நேரமும் தனித்தனியா எழுது, காத்து தெசையும் எழுது. நான் குன்னூர்ல எங்க வீட்டு தகர ஓட்டுல அதே மாதிரி எண்ணறேன், என்கிட்ட பழைய கவுண்டர் ஒண்ணு இருக்கு, ட்யூப் மட்டும் மாத்தணும். எமரால்ட்காரரும் சேந்துக்கறேன்னு சொல்லியிருக்கார். மூணு எடத்து நம்பரும் வர்றவரைக்கும் யாரும் குரூப்ல போடாதீங்க.